பிள்ளத்தாச்சிக்கு நல்ல தண்ணி

உயிரினப் பாதுகாப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் இருந்து கேட்டார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் யானைகளைப் பார்க்கிறவர்களிடம் போய்க் கேட்டிருக்கலாம். மட்டியோடு காலம் தள்ளியவளிடம் அது கிடைக்காது. ராஜபாளையத்தில் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள். ஆனால் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முதலில் பெயர். நான் காப்பாற்றக் கிளம்பிய உயிர் பாசிப்பயறு அளவுதான் இருக்கும். நன்னீர் மட்டி. கண்மாய், ஓடை ஓரத்துச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். கடல் மட்டியைத் தின்பார்கள். ஆற்றில் கிடைக்கிற பெரிய மட்டியின் ஓட்டைச் சுண்ணாம்புக்குச் சுடுவார்கள். இது இரண்டுக்கும் ஆகாது. ஆகாத பொருளுக்கு எவன் பெயர் வைப்பான்? ஊரில் இதற்கென்று ஒரு தனிப்பெயர்கூட இல்லாமல் இருந்தது. மட்டி என்றாலே மூளை மந்தமானவன் என்று ஓர் அர்த்தமும் உண்டு. வத்திராயிருப்பு பஸ்ஸில் நான் ஏறினால் கண்டக்டர், "மட்டி மேடம் வாராக, எடம் விடுங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும். கோபப்பட்டால் அந்தப் பெயர் நிலைத்துவிடும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தும் நிலைத்துவிட்டது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். மட்டிக்கு ஒரு காலம் வந்து நான் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் ஓர் அணில் அடிபட்டால் பேப்பரில் படம் வரும். கீழே சமவெளியில் ஒரு கண்மாயின் சேற்றை இயந்திரம் அள்ளி லாரியில் ஏற்றும்போது, அதில் ஓர் இனமே போய்க்கொண்டிருக்கும். ஊர் கூடிக் கைதட்டும். கிருஷ்ணன்கோவில் கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கும் மாணவர்கள் பேனர் பிடித்துப் படம் எடுப்பார்கள். தூர்வாருவது நல்ல காரியம்தானே, நான் எதிர்த்தால் என்னை எதில் சேர்ப்பார்கள்? போன வருடம் மட்டி கண்ட கண்மாய்க்கு இந்த வருடம் போனால் கரையும் தரையும் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. இப்படி ஒவ்வொன்றாகப் போய், நான் தேடித் திரிந்த பகுதியில் கடைசியாக ஓர் இடம்தான் மிஞ்சியது.

அது மகாராஜபுரம் போகிற பாதையில் இருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அந்த மக்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஊர்க் கண்மாயின் மடைக்கு வெளிப்புறம், கரையில் இருந்து கசிகிற தண்ணீர் தேங்கி ஒரு குழி. இரண்டு மாட்டுவண்டி நிற்கிற அகலம் இருக்கும். கோரைப்புல் மண்டிய அந்தக் குழியின் சேற்றில் இந்த மட்டி உயிரோடு இருந்தது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் என் மேலதிகாரியிடம் ஓடினேன். குறைவாகப் பேசுகிறவர், என்னைவிடப் பல வருடம் மூத்தவர். வேலி போடலாமா, பலகை வைக்கலாமா என்று கேட்டேன். "வேலியை விறகுக்குப் பிடுங்கிருவாங்க. பலகையைக் கோழிக்கூண்டுக்கு மேல வச்சிருவாங்க. ஒண்ணு செய்யும்மா. அந்த ஊர்க்காரங்களுக்கு அதைச் சொந்தமாக்கு. சொந்தக்காரங்கள யாரும் சாகவிட மாட்டாங்க" என்றார். நான் இந்த வேலையில் கேட்ட அறிவுரைகளில் சிறந்தது அதுதான். இன்றும் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

எப்படிச் சொந்தமாக்குவது? கூட்டம் போட்டுப் பேசினேன். நீரின் தூய்மை, உணவுச் சங்கிலி என்றெல்லாம் விளக்கினேன். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் குழி ஓரத்தில் குனிந்து சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தபோது, புல் அறுக்க வந்த பேச்சியம்மாள் அரிவாளோடு என் தலைக்கு மேல் நின்றாள். அந்தத் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம். குழாயடியில் சண்டை வந்தால் அவள் வந்துதான் தீரும்.

"அப்படி என்னத்தத் தேடுதிய மேடம் தெனமும்? தங்கமா?"

உள்ளங்கையில் ஒரு மட்டியை வைத்து லென்ஸைக் கொடுத்தேன். அதன் ஓடு மெல்லியது. வெயிலில் பிடித்தால் உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். மற்ற பல மட்டிகள் போல இது முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவதில்லை. குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்து, பக்குவம் வந்த பிறகுதான் வெளியே விடும். பேச்சியம்மாள் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அரிவாளைக் கீழே போட்டாள்.

"ஏயம்மா! உள்ள குட்டி குட்டியாத் தெரியுதே! இது பிள்ளத்தாச்சியால்ல இருக்கு!"

அவ்வளவுதான். எனக்குப் பல வருடமாகக் கிடைக்காத பெயர் அந்தக் குழிக்கரையில் கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தெருவே வந்து லென்ஸில் பார்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு அந்த ஊரில் மட்டி என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளத்தாச்சிதான். குழியில் ஆடு இறங்கினால் விரட்டினார்கள். அந்தப் பக்கம் துணி துவைத்த ஒருத்தியைப் பேச்சியம்மாள், "ஏட்டி, வயித்துல பிள்ளையோட கெடக்கதுக மேல சோப்புத் தண்ணிய ஊத்துதியே, ஒனக்கு நெஞ்சில ஈரம் இருக்கா?" என்று கேட்டுக் கிளப்பிவிட்டாள். கண்மாயைத் தூர்வார இயந்திரம் வந்தபோது பெண்கள் மடைக்கு முன்னால் போய் நின்று, குழியைத் தொடாமல் திருப்பி அனுப்பினார்கள். நான் அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுதது அந்த ஒருமுறைதான்.

பிறகு மழை பொய்த்தது. பிளவக்கல் அணையில் இருந்து தண்ணீர் வரவில்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. கசிவு நின்றது. குழித் தண்ணீர் வற்றி, நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் கலங்கலாக மிஞ்சியது. எனக்குக் கவலை இருந்தது, ஆனால் பதற்றம் இல்லை. இந்த மட்டி கோடைக்குப் பழகியது. ஈரச் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டை மூடிக்கொண்டு மழை வரும்வரை கிடக்கும். சேற்றில் ஈரம் மட்டும் போகக் கூடாது. பக்கத்து வயல் போர்வெல்லில் இருந்து கொஞ்சம் உப்புத்தண்ணீரை அவ்வப்போது விட்டால் போதும். உப்பு என்றால் கடல் உப்பு இல்லை. சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீர். ஓடு கட்டுவதற்கு அதற்கு அதுதான் வேண்டும். அந்தக் கண்மாய்க் கசிவும் ஏறக்குறைய அதே தண்ணீர்தான்.

இதைப் பேச்சியம்மாளிடம் சொன்னேன். "சேத்துக்குள்ள மூச்சடக்கிக் கெடக்குமா? வயித்துல பிள்ளையோடயா?" என்று கேட்டாள். "கெடக்கும், பழக்கம்தான்" என்றேன். தலையை ஆட்டினாள். அது ஒப்புக்கொண்ட தலையாட்டல் இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போர்வெல் தண்ணீரை எடுத்துப் பொதுக் குழியில் விட அனுமதி வாங்கி வா என்றார் வயல்காரர். பிறகு ஏதாவது வம்பு வரும் என்று அவருக்குப் பயம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அந்த அறை, இந்த அறை என்று அனுப்பினார்கள். மட்டிக்கு அனுமதி கொடுப்பது யார் பொறுப்பு என்பதே அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பேச்சியம்மாள் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம், இனி ஒருத்தன் கால்லயும் விழ வேண்டாம். நாங்க தண்ணி விட்டுட்டோம். உப்புத்தண்ணி இல்ல, நல்ல தண்ணி! டேங்கர்ல வந்த எங்க குடிதண்ணிய அப்படியே திருப்பி விட்டுட்டோம். இந்த மொற எங்க தெருவுக்கு வேண்டாம்னு எல்லாரும் ஒரே பேச்சா நின்னுட்டாக."

பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். அந்த மக்கள் அப்போது ஒரு குடம் குடிதண்ணீருக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். டேங்கர் எப்போது வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரை ஒரு தெருவே விட்டுக்கொடுத்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி வாசலில் வந்து நின்றால் தண்ணீர் இல்லை என்று சொல்லக்கூடாது, அதுவும் நல்ல தண்ணீராகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தாய்ப்பாலோடு குடித்த வழக்கம்.

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது டேங்கரின் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழி நிறைந்து, சேறு கலங்கிச் சுழன்றது. கிட்டே போகும்போதே மூக்கில் ஏறிவிட்டது பிளீச்சிங் பவுடர் வாடை. டேங்கரை டிராக்டரில் இழுத்து வந்த குருசாமி பெருமையாகச் சொன்னார்.

"எங்கயோ மஞ்சக்காமாலைன்னு பேச்சு அடிபடுதுல்லா மேடம், அதான் காலையில தொட்டி கழுவி நெறையாவே பவுடர் போட்டிருக்கு. ஒரு கிருமி இருக்காது. அம்புட்டு சுத்தம்."

"குழாய நிறுத்துங்க!" என்று நான் கத்திய கத்தலில் எல்லாரும் திரும்பினார்கள்.

அந்த நிமிஷத்தில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்? கரையை வெட்டி அத்தனை தண்ணீரையும் வெளியேற்றினால் கலங்கிய சேற்றோடு மட்டியும் அடித்துக்கொண்டு போகும். அப்படியே விட்டால் பவுடர் வேலை செய்யும். போர்வெல் தண்ணீரை அதில் ஊற்றிக் காரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தேன். அனுமதியாவது மண்ணாங்கட்டியாவது. வயல்காரரிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்து மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் மோட்டார் ஓட மும்முனை கரண்ட் வேண்டும். அது சாயந்தரம்தான் வரும்.

பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். "பிள்ளத்தாச்சிக்கு உப்புத்தண்ணியா ஊத்தப் போறிய?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பேச்சியம்மாள் தன் மகள் காளீஸ்வரியின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண். நிறைமாதம். "மொத குடத்த இவ கையாலதான் ஊத்தச் சொன்னேன் மேடம். பிள்ளத்தாச்சிக்குப் பிள்ளத்தாச்சி ஊத்துனா ரெண்டு உசுரும் நல்லாருக்கும்லா" என்றாள். காளீஸ்வரி வெட்கத்தோடு சிரித்தாள். பவுடரைப் பற்றிச் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு, மோட்டார் பக்கம் போய் நின்றேன்.

தண்ணீர் காரமானால் மட்டி ஓட்டை மூடிக்கொள்ளும். அதற்குத் தெரிந்த தற்காப்பு அது ஒன்றுதான். ஆனால் அந்த வெயிலில் எவ்வளவு நேரம்தான் மூடிக்கொண்டிருக்கும்? கரண்ட் வந்தது, மோட்டார் ஓடியது, உப்புத்தண்ணீர் பாய்ந்தது. நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பயனில்லை. அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொன்றாக ஓடு பிளந்து மேலே வந்தது. சலித்த இடமெல்லாம் பிளந்த ஓடு. லென்ஸில் பார்த்தேன். உள்ளே இருந்தவையும் செத்திருந்தன. மழை வந்த பிறகும் போய்ச் சலித்தேன். மறுவருடமும் போனேன். அந்தக் குழியில் இல்லை. வேறெங்கும் நான் கண்டதும் இல்லை.

இதற்குள் நீங்கள் ஒரு பாடம் தேடுவீர்கள். நானும் தேடினேன். மக்களிடம் எடுத்துச் சொல்லாதே என்பதா? சொல்லாத இடங்களில் இயந்திரம் அள்ளிக்கொண்டு போனது. சொன்ன இடத்தில் அன்பே அள்ளிக்கொண்டு போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். இங்கே பிடித்தது பிள்ளையாராகவே வந்தது, அதுதான் கொடுமை. ஒன்று மட்டும் சொல்கிறேன். "நல்ல தண்ணி", "சுத்தம்", "நல்ல காரியம்" என்ற சொற்களை யாராவது சொன்னால், யாருக்கு நல்லது என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். கேட்பதால் காப்பாற்றிவிடுவீர்கள் என்று நான் சொல்லவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். பிளந்த ஓடுகளை முதலில் பார்த்தவள் பேச்சியம்மாள்தான். என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். தண்ணீரில் போட்ட பவுடர் அதற்கு ஆகாது என்றேன்.

"அதத்தான நாங்க குடிக்கோம்" என்றாள்.

அந்தச் சொல் தெருவைத் தாண்டி ஊருக்குள் போக ஒரு பொழுது ஆகவில்லை. மறுநாள் வந்த டேங்கர் தண்ணீரைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. பிள்ளத்தாச்சியைக் கொன்ற தண்ணியை எங்க பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம் என்று ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நின்றது. என்னைக் கூட்டிவர வண்டி அனுப்பினார்கள். போகிற வழியில்தான் கேள்விப்பட்டேன், மாடு குளிப்பாட்டுகிற பழைய கிணற்றில் இறைத்து, பச்சை பூத்த தண்ணீரைப் பேச்சியம்மாள் மகளுக்குக் கொடுக்கிறாளாம். நிறைமாதக்காரிக்கு. எனக்கு மட்டி மறந்துபோனது.

மறியல் நடந்த இடத்தில் ஓர் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். "நீங்க ஆரம்பிச்சு வச்சது மேடம். நீங்களே முடிச்சு வைங்க" என்றார். நான் கூட்டத்தின் நடுவே போய் நின்று விளக்கினேன். அந்தப் பவுடர்தான் உங்களைக் காமாலையில் இருந்து, பேதியில் இருந்து காக்கிறது. மனிதர்களுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. அது சின்ன உயிர், அதற்கு ஆகாது. நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் வெயிலில் உட்கார்ந்து பயந்துபோயிருக்கும் சனத்துக்குப் பாதி பாதியாக உண்மை சொன்னால் ஏறுமா?

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம்!" என்று பின்னால் இருந்து ஒருவர் கத்தினார். "அது வெசமா, இல்லையா?"

குருசாமியிடம் ஒரு செம்பு கேட்டேன். டேங்கர் குழாயைத் திறந்து பிடித்தேன். பவுடர் வாடை அடித்தது. எல்லாரும் பார்க்க மடமடவென்று முழுச் செம்பையும் குடித்தேன். மறுபடி பிடித்து நீட்டினேன். யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் காளீஸ்வரி எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, செம்பை வாங்கிக் குடித்தாள். கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்து குடங்களைத் தூக்கியது.

பேச்சியம்மாள் மட்டும் நகரவில்லை. என் பக்கத்தில் வந்து, மகளுக்குக் கேட்காத குரலில் பேசினாள். அவ்வளவு அதட்டலான பெண்ணுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"மேடம், மொத குடம் எம்மக ஊத்துனா. பிரசவத்துக்கு நாள் நெருங்குது. ராத்திரி எனக்குக் கண்ணடைக்கல. அவ ஊத்துன தண்ணியிலயா அதுக செத்துச்சு?"

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காளீஸ்வரி செம்பைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன். "வெயிலு. இந்த வருசம் வெயில் தாங்கல."

பேச்சியம்மாள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். "அதானே. அதுகளுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதிகாரி அதையே அறிக்கையில் எழுதினார். கடும் வெயிலால் அழிந்தது, குடிநீரால் அல்ல. எழுதி முடித்துப் பேனாவை என் கையில் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.